மூன்று வாள் பெற்ற சைக்கிள்காரர்

பனிநாட்டுப் போர்கள் – 9

ஓய்வுபெறும் வயதில் இருந்த கர்னல் பிர்கர் எரிக்சன், நாற்பது வருடத்துக்கு மேல் பழசான பீரங்கிகளை வைத்துக்கொண்டு ஜெர்மனியின் புத்தம்புதிய போர்க்கப்பல் புளூஷரை ஓஸ்லோ ஃபியோர்டில் மூழ்கடித்ததைச் சென்ற இதழில் பார்த்தோம். 1940 ஏப்ரல் 9 விடியற்காலையில் அவர் வாங்கிக் கொடுத்த சில மணி நேரத்தில் அரசர் ஏழாம் ஹாகோன், அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் எல்லாரும் நார்வேயின் தலைநகர் ஓஸ்லோவை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். மத்திய வங்கியின் தங்கமும் லாரிகளில் ஏறித் தப்பியது.

நகரம் தப்பவில்லை. அன்று பிற்பகலே ஜெர்மன் சிப்பாய்கள் கார்ல் யோஹான் வீதியில் அணிவகுத்து வந்தார்கள். மாலையில் ஜெர்மனியின் கையாளான நார்வே அரசியல்வாதி விட்குன் குவிஸ்லிங் வானொலி நிலையத்துக்குப் போய், இனி ஆட்சி தன்னுடையது என்று அறிவித்தார். முப்பது லட்சம் பேர்கூட நிறையாத நாட்டில், பின்னாளில் மூன்றரை லட்சம் ஜெர்மன் படையினர் வந்து குவிந்தார்கள். ஏறத்தாழ எட்டு ஆளுக்கு ஒரு சிப்பாய்.

இந்த அத்தியாயத்தின் நாயகருக்கு அப்போது வயது 22. பெயர் குன்னார் சொன்ஸ்டெபி. டெலிமார்க் மலைப்பகுதியில் ரியுக்கான் என்ற சிற்றூரில் 1918 ஜனவரி 11 அன்று பிறந்தவர். படிப்புக்காக ஓஸ்லோ வந்தவர். ராணுவக் குடும்பமும் இல்லை, அதிகாரி பயிற்சியும் இல்லை. ஐந்து வருடம் கழித்து, நார்வே வரலாற்றிலேயே மிக உயர்ந்த வீர விருதைப் பெற்ற மனிதராக நிற்கப்போகிறவர் இவர்தான்.

நார்வேயின் போர்ச் சிலுவை விருதை நாடு கடந்து லண்டனில் இருந்த அரசர் ஹாகோன் 1941 மே மாதம் ஏற்படுத்தினார். போர்க்களத் தீரத்துக்கு அந்தச் சிலுவையின் நாடாவில் ஒரு வாள் பொறிப்பார்கள். அதே ஆள் மறுபடியும் அதற்குத் தகுதி பெற்றால் இன்னொரு வாள். இரண்டு வாள் பெற்றவர்களே அபூர்வம். மூன்று வாள் பெற்றவர் இன்றுவரை ஒரே ஒருவர்.

எதிரிக்கு அலுப்பூட்டும் ஆள்

படையெடுப்பு நடந்தவுடன் சொன்ஸ்டெபி ஓஸ்லோவுக்கு வடக்கே நோர்ட்மார்க்கா காட்டுப் பகுதிக்குப் போய், பனிச்சறுக்குத் தன்னார்வப் படை ஒன்றில் சேர்ந்து சண்டை போட்டார். தெற்கு நார்வேயில் சண்டை சில வாரங்களில் முடிந்துபோனது. ஜூன் 7 அன்று அரசர் வடகோடியில் உள்ள ட்ரோம்ஸோவிலிருந்து பிரிட்டிஷ் கப்பலேறினார். தோற்ற படையினர் வீடு திரும்பினார்கள். சொன்ஸ்டெபியும் ஓஸ்லோவுக்கே திரும்பினார். ஆனால் தோற்றுவிட்டோம் என்பதை ஒப்புக்கொள்ளவில்லை.

அப்போது முளைவிட்டுக்கொண்டிருந்த தலைமறைவு ராணுவ அமைப்பான மிலோர்க்குடன் தொடர்பு ஏற்பட்டது. பின்னர் பிரிட்டனின் ரகசிய நடவடிக்கைப் பிரிவு அவரைத் தன் ஏஜெண்டாக எடுத்துக்கொண்டது. ஜெர்மானியர் பிடித்த நாடுகளுக்குள் ஆட்களை அனுப்பி உளவும் நாசவேலையும் செய்ய வேண்டும் என்று சர்ச்சில் 1940 ஜூலையில் தொடங்கிய பிரிவு அது. அதன் கோப்புகளில் அவர் வெறும் எண்: 24. தோழர்களிடையே அவருக்கு இன்னொரு பெயர், ‘ஷாக்கன்’. அவருடைய எடுப்பான தாடையைக் கிண்டல் செய்து வைத்த பட்டப்பெயர்.

இந்த ரகசியப் பிரிவின் பெயரைக் கேட்டதும் நமக்கு நினைவுக்கு வரவேண்டிய ஒரு பெண் உண்டு. திப்பு சுல்தான் வம்சத்தில் வந்த நூர் இனாயத் கான். 1943-இல் வயர்லெஸ் கருவியோடு பிரான்ஸில் இறங்கி, காட்டிக்கொடுக்கப்பட்டு, 1944 செப்டம்பரில் தாக்காவ் முகாமில் சுட்டுக்கொல்லப்பட்டார். இறந்த பின் பிரிட்டனின் ஜார்ஜ் சிலுவை அவருக்கு வந்தது. அந்தப் பிரிவில் சேர்ந்த பலருக்கும் முடிவு அப்படித்தான் அமைந்தது. விருது வீட்டுக்கு வரும், ஆள் வரமாட்டார். நம் பரம வீர சக்கரத்தின் கணக்கும் அதைத்தான் சொல்கிறது. இதுவரை 21 பேர் பெற்றிருக்கிறார்கள். அதில் 14 பேர் இறந்த பிறகு பெற்றவர்கள்.

சொன்ஸ்டெபி 94 வயதுவரை வாழ்ந்தார். எப்படி என்பதில்தான் அவருடைய வீரத்தின் சூட்சுமம் இருக்கிறது.

அவர் சண்டை போட்ட இடம் எதிரியின் தலைமையகம் இருந்த அதே ஊர். ஜெர்மன் ரகசியப் போலீஸான கெஸ்டப்போ குடிகொண்டிருந்த விக்டோரியா டெராஸ் கட்டடம் நகரின் நடுவிலேயே இருந்தது. ஊருக்கு வெளியே கிரினி கைதி முகாம். துறைமுகத்தை ஒட்டிய ஆகர்ஷுஸ் கோட்டையில் மரண தண்டனைகள். இத்தனைக்கும் நடுவே சொன்ஸ்டெபி தெருவில் சர்வசாதாரணமாகச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். பெட்ரோல் தட்டுப்பாட்டு நகரத்தில் சைக்கிள்காரனை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. கோட்டும் தொப்பியும் அணிந்து ஆபீசுக்குப் போகும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் ஒருவராகத் தெரிவதே அவருடைய கவசம்.

முப்பது, நாற்பது பெயர்களில் அவர் நடமாடினார். ஒவ்வொரு பெயருக்கும் தனி அடையாள அட்டை, தனி வேலை, தனி முகவரி. ஒரே வீட்டில் தொடர்ந்து தங்குவதில்லை. இன்று இவர் பெயர் என்ன, எந்த ஆபீஸ், எந்தத் தெரு என்று கேட்டால் தட்டுத்தடுமாறாமல் பதில் வரவேண்டும். ஒரு பெயருக்கான பதிலை இன்னொரு பெயருக்குச் சொல்லிவிட்டால் கதை முடிந்தது. தேவைப்பட்ட காகிதங்களை அவரே தயாரித்துக்கொண்டார். குவிஸ்லிங் ஆட்சியின் அரசியல் போலீஸ் தலைவர் கார்ல் மார்தின்சனின் கையெழுத்தையே போலியாகப் போட்டார். அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் காவலுக்கு நின்றவர்கள் மேற்கொண்டு கேள்வி கேட்காமல் விட்டார்கள்.

தொடக்க வருடங்களில் அவர் செய்த வேலைகளில் வெடிச்சத்தமே கிடையாது. ஸ்வீடன் எல்லையைக் கடந்து ஸ்டாக்ஹோமில் உள்ள பிரிட்டிஷ் ஆட்களிடம் தகவல் சேர்ப்பது, ஆட்களைக் கடத்தி அனுப்புவது, தங்க இடம் ஏற்பாடு செய்வது. இதில் ஒன்று மட்டும் சினிமாவுக்கு ஏற்றது. லண்டனில் இருந்த நார்வே அரசுக்குத் தன் நாட்டு நோட்டுகளை அச்சடிக்க வேண்டியிருந்தது. அச்சுத் தகடுகளோ ஓஸ்லோவில், மத்திய வங்கிக்குள், எதிரியின் காவலில் இருந்தன. வங்கிக்குள்ளேயே இருந்த தேசபக்தர்களைப் பிடித்து, தகடுகளை வெளியே எடுத்து, நாட்டுக்கு வெளியே அனுப்பி வைத்தார் சொன்ஸ்டெபி.

1943-இல் அவர் பிரிட்டனுக்குப் போனார். அங்கே லிங்கே கம்பெனி என்று அழைக்கப்பட்ட நார்வேப் படையில் சேர்ந்து நாசவேலைப் பயிற்சி பெற்றார். நாடக நடிகராக இருந்து ராணுவ அதிகாரியான மார்ட்டின் லிங்கே, 1941 டிசம்பரில் மொலோய் தாக்குதலில் இறந்துபோனவர். அவர் பெயரைத் தாங்கிய படை அது. அந்த ஆண்டின் இறுதியிலேயே சொன்ஸ்டெபி பாராசூட்டில் நார்வே மண்ணில் குதித்தார். இனி வெடிமருந்தும் அவர் கையில் இருந்தது.

அட்டைகளின் யுத்தம்

ஒரு நாட்டைப் பிடித்து வைத்திருப்பவனுக்குத் துப்பாக்கியைவிடப் பெரிய ஆயுதம் பதிவேடு. யார் எங்கே இருக்கிறார், எந்த வருடம் பிறந்தார், என்ன வேலை பார்க்கிறார் என்ற விவரம் கையில் இருந்தால்தான் வேலைக்கு இழுக்கலாம், வரி வாங்கலாம், கைது செய்யலாம், பட்டினி போடலாம். இதை ஓஸ்லோவில் சொன்ஸ்டெபியைப் போல் புரிந்துகொண்டவர்கள் குறைவு.

1944 வசந்த காலத்தில் குவிஸ்லிங் ஆட்சி 1921, 1922, 1923-இல் பிறந்த இளைஞர்களைக் கட்டாய உழைப்புச் சேவைக்கு அழைத்தது. விவசாய வேலை, கட்டுமான வேலை என்றார்கள். யாரும் நம்பவில்லை. ரஷ்யாவிடம் அடி வாங்கிக்கொண்டிருந்த ஜெர்மனிக்கு ஆள் தேவை என்பது ஊருக்கே தெரியும். பெயர் பதிந்தவனுக்கு நாளை ராணுவச் சீருடை மாட்டி கிழக்கு முனைக்கு அனுப்பமாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? பதிவு செய்யாதீர்கள் என்று தலைமறைவுத் தலைமை சொன்னது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் காடுகளுக்குள் போய் ஒளிந்தார்கள்.

அழைப்பு வேலையை விரைவாக முடிக்க அரசிடம் பஞ்ச் கார்டு இயந்திரங்கள் இருந்தன. கம்ப்யூட்டருக்கு முந்தைய காலம். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கெட்டி அட்டை. பிறந்த வருடம், தொழில், ஊர் என ஒவ்வொரு விவரத்துக்கும் அட்டையில் ஓர் இடத்தில் துளை. கட்டுக்கட்டாக அட்டைகளை உள்ளே தள்ளினால், துளை இருக்கும் இடத்தை வைத்து 1922-இல் பிறந்தவர்களைத் தனியாகவும் 1923-இல் பிறந்தவர்களைத் தனியாகவும் இயந்திரம் பிரித்துப்போட்டுவிடும். குமாஸ்தாக்கள் உட்கார்ந்து கையால் பிரித்தால் வாரக்கணக்கில் ஆகும் வேலை.

ஆகவே ஆட்களைக் காப்பாற்ற ஆட்களோடு சண்டை போட வேண்டியதில்லை. இயந்திரத்தை உடைத்தால் போதும். மே மாதத்தில் ஓஸ்லோவின் ஆகர்ஸ்காத்தா தெருவில் இருந்த தொழிலாளர் பதிவு அலுவலகத்தில் குண்டு வெடித்தது. வேறோர் இயந்திரம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கட்டடத்தில் இருப்பதை மோப்பம் பிடித்தார்கள். அடுத்த மாதமே அதற்கும் அதே கதி.

குவிஸ்லிங் ஆட்கள் அடுத்த ஆயுதத்தை எடுத்தார்கள். பெயர் பதியாதவனுக்கு ரேஷன் கார்டு கிடையாது.

ரேஷன் கார்டின் மகிமையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. போர்க்கால நார்வேயில் ரொட்டி, வெண்ணெய், சர்க்கரை எல்லாம் கார்டுக்குத்தான். கார்டு இல்லாதவன் தன் வீட்டார் தட்டிலிருந்துதான் சாப்பிட வேண்டும். காட்டில் ஒளிந்திருக்கும் இளைஞனை வேட்டையாடத் தேவையில்லை. பசியே அவனை வெளியே கொண்டுவந்துவிடும் என்பது கணக்கு.

1944 ஆகஸ்டில் புது ரேஷன் கார்டுகளை ஏற்றிக்கொண்டு ஓஸ்லோவில் ஒரு லாரி கிளம்பியது. சொன்ஸ்டெபியின் ஆட்கள் பட்டப்பகலில் அதை மடக்கினார்கள். சுமார் 75,000 பேருக்கான கார்டுகள் ஒரே மூச்சில் பறிபோயின. யாரும் சாகவில்லை. திருடப்பட்ட கார்டுகள் தலைமறைவு இயக்கத்தின் கையில் இருக்கும்போது பட்டினி மிரட்டல் எடுபடாது என்று அதிகாரிகளுக்குப் புரிந்தது. ரேஷனை வெட்டும் திட்டம் கைவிடப்பட்டது. இளைஞர்களைத் திரட்டும் முயற்சியும் அந்த வருடத்தில் படுத்துவிட்டது.

இதில் கத்தியின்றி ரத்தமின்றி காப்பாற்றப்பட்டவர்கள் எத்தனை ஆயிரம் என்று நினைத்துப் பாருங்கள். மூன்று வாள்களில் ஒன்றை இந்த லாரிக்காகவே கொடுத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஓஸ்லோ கும்பல்

இதற்குள் சொன்ஸ்டெபியைச் சுற்றி ஒரு குழு சேர்ந்திருந்தது. நார்வே வரலாற்றில் அதற்கு ஓஸ்லோ கும்பல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மாக்ஸ் மானுஸ், கிரேகர்ஸ் கிராம், எட்வர்ட் தாலக்சன், ஆண்ட்ரியாஸ் ஔபர்ட் எனப் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லாரும் பிரிட்டனில் பயிற்சி பெற்ற இளைஞர்கள். தலைவர் சொன்ஸ்டெபி.

இவர்களில் மாக்ஸ் மானுஸ் நம்ம ஊர் சினிமா நாயகர்களைத் தோற்கடிக்கக்கூடியவர். 1941-இல் போலீஸ் வீட்டுக்குள் நுழைந்தபோது ஜன்னல் வழியே குதித்தவர். அடிபட்டு உல்லவோல் மருத்துவமனையில் காவலோடு கிடந்தபோது, அங்கிருந்தும் ஜன்னல் வழியே கயிறு கட்டி இறங்கித் தப்பினார். 1945 ஜனவரியில் தோழர் ராய் நீல்சனோடு சேர்ந்து ஓஸ்லோ துறைமுகத்தில் நின்ற டோனாவ் கப்பலின் அடிப்பக்கத்தில் குண்டுகளை ஒட்டி, அதைப் பாழாக்கினார். அந்தக் கப்பலை ஓஸ்லோ மறக்க முடியாது. 1942 நவம்பர் 26 அன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட நார்வே யூதர்களை ஏற்றிக்கொண்டு ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கான வழியில் கிளம்பிய கப்பல் அது.

மானுஸ் எரிமலை, சொன்ஸ்டெபி பனிப்பாறை. ஒருவர் கதையைச் சொன்னால் அரங்கம் கைதட்டும். மற்றவர் கதையில் நடந்ததெல்லாம் திட்டமிட்டபடியே நடந்திருக்கும். மானுஸுக்கு இரண்டு வாள், சொன்ஸ்டெபிக்கு மூன்று.

கும்பலின் கைவரிசைப் பட்டியல் நீளமானது. 1944 ஆகஸ்டில் நகரின் வடக்கே கோர்ஸ்வோல் பஸ் பணிமனையில் பதுக்கி வைத்திருந்த மெஸ்ஸர்ஷ்மிட் போர் விமானப் பாகங்களைக் கொளுத்தினார்கள். செப்டம்பரில் கோங்ஸ்பெர்க் ஆயுதத் தொழிற்சாலையில் பீரங்கித் தயாரிப்பைக் குலைத்தார்கள். 1945 தொடக்கத்தில் நேச நாடுகளின் கவலை வேறாக இருந்தது. நார்வேயில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஜெர்மன் டிவிஷன்கள் கிளம்பி ஐரோப்பியப் போர்முனைக்கு வந்துவிடக் கூடாது. அவர்கள் வரும் வழி ரயில். மார்ச் மாதத்தில் நாடெங்கும் தண்டவாளங்கள் தகர்க்கப்பட்டபோது, ஓஸ்லோவில் ரயில்வே தலைமை அலுவலகத்தையே சொன்ஸ்டெபியின் ஆட்கள் வெடிவைத்துப் பெயர்த்தார்கள். போக்குவரத்தை நடத்தும் அதிகாரிகளும் ஆவணங்களும் இருந்த இடம் அது. இங்கேயும் அதே சூத்திரம்தான்: எதிரியின் கையை வெட்டுவதைவிட அவனுடைய கணக்குப்பிள்ளையின் மேஜையைக் கவிழ்ப்பது பலன் தரும்.

பிளாஸ் கஃபேயில் ஒரு மாலை

இதையெல்லாம் படிக்கும்போது வெற்றிமேல் வெற்றி என்ற எண்ணம் வரும். அப்படி இல்லை.

1944 நவம்பர் 13. ஓஸ்லோவின் கிழக்கே கிருனர்லோக்கா தொழிலாளர் குடியிருப்பில் ஓலாஃப் ரியஸ் சதுக்கம். அதன் ஓரத்தில் பிளாஸ் கஃபே என்ற சிறு உணவகம். கிரேகர்ஸ் கிராமும் எட்வர்ட் தாலக்சனும் உள்ளே நுழைந்தார்கள். ஜெர்மன் படையிலிருந்து ஓடிவர விரும்பும் இருவரைச் சந்திக்க ஏற்பாடு. ஜெர்மன் சிப்பாய்களின் மனதைக் கலைக்கும் பிரசாரத்தில் கிராம் கைதேர்ந்தவர். அதனால் இதை நம்பி வந்திருந்தார். காத்திருந்தவர்கள் கெஸ்டப்போ வைத்த பொறி. மேஜைகளுக்கு நடுவே துப்பாக்கிகள் வெடித்தன. கிராம் அங்கேயே உயிரிழந்தார். காயத்தோடு பிடிபட்ட தாலக்சன், சித்திரவதையில் தோழர்களின் பெயர் வாயில் வந்துவிடுமோ என்று அஞ்சி, சிறையிலேயே தன் உயிரை முடித்துக்கொண்டார்.

கும்பலின் தலைவர் மறுநாளும் சைக்கிளை எடுக்க வேண்டியிருந்தது. பிடிபட்டவருக்குத் தெரிந்த வீடுகள் எவை, பெயர்கள் எவை என்று பார்த்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. அழுவதற்கு அவகாசம் இல்லாத வேலை.

இதே காலத்தில் மகன் கிடைக்காத ஆத்திரத்தில் சொன்ஸ்டெபியின் அப்பாவைக் கைது செய்து அடைத்து வைத்திருந்தார்கள். மகன் சரணடையவில்லை. இதைத் தியாகம் என்பதா, கல்நெஞ்சம் என்பதா? அந்த ஐந்து வருடமும் அவர் மதுவைத் தொடாமல், உணர்ச்சிக்கு இடம் கொடுக்காமல் இருந்தார் என்று அவரோடு பழகியவர்கள் சொல்வார்கள். உணர்ச்சியை அடைத்து வைத்தவர் பிழைத்தார். ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது.

அந்த விலையின் கணக்கில் இன்னொரு வரியும் உண்டு. காட்டிக்கொடுப்பவர்களை எதிர்ப்பு இயக்கம் கொன்றது. விசாரணை இல்லை, நீதிபதி இல்லை. சில நேரம் கொல்லப்பட்டவன் சுட்டவனுக்குத் தெரிந்தவன். 1945 பிப்ரவரி 8 அன்று, சொன்ஸ்டெபி யாருடைய கையெழுத்தைப் போலியாகப் போட்டாரோ அந்த கார்ல் மார்தின்சனை ஓஸ்லோ சாலையில் எதிர்ப்பு இயக்கத்தினர் சுட்டுக் கொன்றார்கள். யூதர்களைக் கைது செய்த போலீஸுக்குத் தலைமை தாங்கியவர் அவர். பதிலடியாக, சிறையில் இருந்த ஏறத்தாழ முப்பது நார்வேக்காரர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலைக்கும் இவர்களுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

பிற்காலத்தில் இதைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் சொன்ஸ்டெபி, அது போர் என்பதில் உறுதியாக நின்றார். யாரை யார் சுட்டார்கள் என்ற விவரத்துக்குள் போக மறுத்துவிட்டார். 2024-இல் வெளிவந்து நெட்ஃபிளிக்ஸில் உலகம் முழுக்கப் பார்க்கப்பட்ட ‘எண் 24’ என்ற நார்வேப் படம், முதிய சொன்ஸ்டெபியை இளம் மாணவர்கள் முன் நிறுத்தி இதே கேள்வியைக் கேட்கிறது. வன்முறை இல்லாமல் எதிர்த்திருக்க முடியாதா? காந்தியின் தேசத்தில் பிறந்த நமக்கு அந்தக் கேள்வி இன்னும் நெருக்கமானது. வைஸ்ராயோடு பேச நம்மவர்களுக்கு ஒரு மேஜையாவது இருந்தது. விக்டோரியா டெராஸில் அப்படியொரு மேஜை இல்லை. ஆனாலும், பலியானவர்களின் குடும்பங்கள் சில பதிலில்லாமலே வயதாகிப் போயின என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் இந்த வீரக் கதையை எழுதுவது நியாயம் ஆகாது.

வாள்களுக்குப் பிறகு

1945 மே 8 அன்று ஜெர்மனி சரணடைந்தது. மே 13 அன்று இளவரசர் ஓலாஃப் ஓஸ்லோ துறைமுகத்தில் இறங்கினார். ஜூன் 7 அன்று, நாட்டை விட்டுப் போன அதே தேதியில், சரியாக ஐந்து வருடம் கழித்து அரசர் ஹாகோன் திரும்பினார். அரச குடும்பத்தின் காவலுக்கு நின்றவர்கள் லிங்கே கம்பெனி இளைஞர்கள். நேற்றுவரை போலி அட்டையோடு திரிந்தவர்கள் அன்று ராணுவச் சீருடையில் கார்ல் யோஹான் வீதியில் வந்தார்கள். அக்டோபரில் குவிஸ்லிங் ஆகர்ஷுஸ் கோட்டையில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

சொன்ஸ்டெபிக்கு அப்போது வயது 27. நாடு அவருக்குப் போர்ச் சிலுவையையும் மூன்று வாள்களையும் கொடுத்தது. பிரிட்டன் தன் உயர்ந்த ராணுவ விருதான டி.எஸ்.ஓ.வைக் கொடுத்தது. அமெரிக்கா சுதந்திரப் பதக்கம் தந்தது. பிரிட்டிஷ் உளவுத்துறையும் நார்வே உளவுத்துறையும் வேலைக்குக் கூப்பிட்டன. இரண்டையும் வேண்டாம் என்றார். போர் போதும் என்பது அவர் நிலை. அமெரிக்கா போய் ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் படித்தார். எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்தார். 1949-இல் நாடு திரும்பி, தொழில்துறை நிர்வாகியாகவே ஓய்வு வயது வரை இருந்தார். 1960-இல் தன் நினைவுகளைப் புத்தகமாக்கினார்; அதற்கும் 24 என்ற எண்ணையே தலைப்பில் வைத்தார்.

பதவி தேடிப் போகவில்லை, கட்சி தொடங்கவில்லை. விருது வாங்கியவர் அதைக் காட்டி ஓட்டுக் கேட்பது சகஜமாகிவிட்ட உலகில் இதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும்.

ஒன்று மட்டும் விடாமல் செய்தார். பள்ளிகளுக்கும் ராணுவ முகாம்களுக்கும் போய்ப் பேசினார். வருடக்கணக்கில், தொண்ணூறு வயதைத் தாண்டியும் பேசினார். கையில் இருக்கிறது என்பதற்காகச் சுதந்திரத்தை அசட்டையாக விட்டுவிடாதீர்கள் என்பதே அந்தப் பேச்சுகளின் சாரம். 2007 மே 13 அன்று ஓஸ்லோவின் சொல்லி சதுக்கத்தில் அவருடைய சிலையை அரசர் ஐந்தாம் ஹரால்ட் திறந்து வைத்தார். சிற்பி பெர் உங். அதில் பீடம் ஏறிய குதிரை வீரன் இல்லை, துப்பாக்கி இல்லை. 25 வயது சொன்ஸ்டெபி தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஓஸ்லோவில் வாழும் நம் தமிழர்கள் டிராமில் அந்தச் சதுக்கத்தைப் பலமுறை கடந்திருப்பார்கள். ஒருமுறை இறங்கிப் பார்க்கலாம்.

2008-இல் அமெரிக்கச் சிறப்புப் படைத் தலைமையகம் தன் பதக்கத்தை அமெரிக்கர் அல்லாத ஒருவருக்கு முதன்முறையாகக் கொடுத்தது; வாங்கியவர் சொன்ஸ்டெபி. 2012 மே 10 அன்று ஓஸ்லோவில் காலமானார். அரசு மரியாதையோடு நடந்த இறுதிச் சடங்கில் அரசரே வந்து கலந்துகொண்டார்.

இந்தத் தொடரில் இதுவரை பார்த்த வீரர்கள் பெரும்பாலும் ஒரு கணத்தில் பிறந்தவர்கள். எரிக்சனுக்கு அந்தக் கணம் ‘சுடு’ என்று உத்தரவிட்ட நொடி. சொன்ஸ்டெபிக்கு அப்படியொரு நொடியைச் சுட்டிக்காட்ட முடியாது. தினமும் காலையில் எழுந்து, இன்றைக்கு என் பெயர் என்ன என்று நினைவுபடுத்திக்கொண்டு, பதறாமல் வெளியே போன ஐந்து வருடம்தான் அவருடைய போர்க்களம். ஒருநாள் துணிச்சலுக்கு ஒரு வாள் என்றால், ஐந்து வருட நிதானத்துக்கு மூன்று வாள் அதிகமில்லை.

போர்ச் சிலுவை விஷயத்தில் இன்னொரு தகவலும் உண்டு. இரண்டாம் உலகப் போர் விருதுகளுக்குப் பின் பல பத்தாண்டுகள் அது யாருக்கும் தரப்படவில்லை. 2011-இல்தான் ஆப்கானிஸ்தானில் சண்டையிட்டவர்களுக்காக மறுபடியும் எடுக்கப்பட்டது. அதைப் பெற்றவர்களில் ஒருவரான ஐரிக் கிறிஸ்டோஃபர்சன் 2020-இல் நார்வே ராணுவத்தின் தலைமைத் தளபதி ஆனார். மூன்று வாள் மட்டும் இன்னும் ஒருவரிடமே இருக்கிறது.

சொன்ஸ்டெபி பிறந்த ரியுக்கானுக்கு அடுத்த இதழில் போகிறோம். ஹிட்லரின் கைக்கு அணுகுண்டு கிடைத்துவிடக் கூடாது என்பதற்காக, 1943 பிப்ரவரி இறுதியில் யோகிம் ரோன்னபெர்க் தலைமையில் ஒன்பது பேர் உறைந்த மலைப்பள்ளத்தாக்கில் இறங்கி ஏறி, வெமோர்க் கனநீர் ஆலையைத் தகர்த்த கதை அது.

(தொடரும்)